படபடப்பு வந்தால் கண்ணை மூடச் சொன்னேன்

புதிதாகத் தாதிச் சீருடை போட்டு வந்திருக்கிற உங்களைப் பார்த்து எனக்குப் பொறாமை ஒன்றும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகிறது. இன்னமும் மத்தியானத்தில் போன் அடித்தால் ஆஸ்பத்திரி வாட்டிலிருந்துதான் என்று எழுந்து நின்றுவிடுகிறேன். பதுளை டவுனில் என் வீட்டுக்கு எதிரே இருக்கிற கடைக்காரர் ஒருநாள் கேட்டார்: "என்னங்க சிஸ்டர், சாமான் வாங்க வந்துட்டு என் கையையே பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க?" அவருடைய நகங்கள் வெளிறியிருந்தன. ரத்தம் சோதித்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு, வாங்க வந்த பருப்பை மறந்து திரும்பி வந்தேன். இந்த வேலை லேசில் ஆளை விடாது.

உங்களுக்காக மன அமைதி பற்றி எழுதித் தரும்படி மேட்ரன் கேட்டார். மூச்சுப் பயிற்சி, உடம்பைத் தளர்த்துவது, மனதை ஓரிடத்தில் நிறுத்துவது எல்லாவற்றையும் இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டுவந்தது நான்தானே என்றார். உண்மைதான். ஆனால் அதே பயிற்சியை வைத்து பிள்ளை பெற்ற ஒருத்தியைச் சாகக் கொடுக்கப் பார்த்ததும் நான்தான். அதை மறைத்துவிட்டு உங்களுக்கு மூச்சு விடச் சொல்லித்தர எனக்கு வாய் வரவில்லை.

அது நடந்த ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். ஊவா மலையில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அங்கே மகப்பேற்று வாட்டுக்குப் பொறுப்பான சிஸ்டர். நாட்டை விட்டுப் போகிறவர்கள் போய்க்கொண்டே இருந்த காலம் அது. தாதிகளும் போனார்கள். மிச்சமிருந்தவர்கள் ஒரு ஷிஃப்ட் முடிந்ததும் மூஞ்சியைக் கழுவிக்கொண்டு அடுத்த ஷிஃப்டைத் தொடங்கினார்கள். மருந்து இருந்தால் ஊசி இருக்காது, ஊசி இருந்தால் ஆள் இருக்காது. ஒருத்தி மருந்து அறையில் போய் அழுதுவிட்டு வந்து சேலைன் ஏற்றுவாள். இன்னொருத்தி வீட்டுக்குப் போனதும் காரணமே இல்லாமல் பிள்ளையை அடித்ததாக என்னிடம் சொல்லி, தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். எங்களில் தமிழ் பேசுகிறவர்கள் மூன்றே பேர். தேயிலைத் தோட்டத்திலிருந்து யார் வந்தாலும் மொழிபெயர்க்க எல்லா வாட்டிலிருந்தும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். நானோ காலையில் சுகமாக ஜெபம் பண்ணிவிட்டு வந்து, எட்டு மணிக்கெல்லாம் வாட்டே அதிரக் கத்துகிறவள்.

அப்போதுதான் கொழும்பிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்து இரண்டு நாள் வகுப்பு நடத்தினார். முதல் நாள் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து கிண்டலடித்தேன். "இத்தனை வருஷமா நாம மூச்சு விடாமலா இருந்தோம்?" என்று பக்கத்திலிருந்தவளிடம் கேட்டு இருவரும் சிரித்தோம். இரண்டாம் நாள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தபோது என் தோள் இரண்டும் காதுவரை ஏறி நிற்பது தெரிந்தது. எத்தனை வருஷமாக அப்படித் தூக்கிவைத்திருந்தேனோ! இறக்கினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த வாரம் நான் யாரையும் பார்த்துக் கத்தவில்லை. ஆஸ்பத்திரி முழுக்க அதுதான் பேச்சு.

அதற்கப்புறம் என்னைப் பிடிக்க முடியவில்லை. ஷிஃப்ட் மாறும்போது எல்லோரையும் நிற்க வைத்துப் பத்து மூச்சு எடுக்க வைத்தேன். உண்மையிலேயே பலன் இருந்தது, பொய் சொல்லவில்லை. தாதிப் பிள்ளைகள் கொஞ்சம் சிரித்தார்கள், கொஞ்சம் தூங்கினார்கள். நான் தலைகால் புரியாமல் ஆடினேன்.

டாக்டரம்மா சிங்களத்தில் ஓர் அறிவித்தல் விட்டுப் போயிருந்தார். அதைத் தமிழில் எழுத வேண்டியது என் பொறுப்பு. 'மன அழுத்தம்' என்று முதலில் எழுதினேன். தோட்டத்துச் சனங்கள் யாராவது பார்த்தால் அழுத்தம் என்றவுடன் பிரஷர் என்று நினைத்துக்கொள்வார்களே என்று தோன்றியது. நானும் நமுனுகுலப் பக்கத்துத் தோட்டத்தில், லயத்து வீட்டில் பிறந்தவள்தான். எங்கள் வீட்டில் யாரும் மன அழுத்தம் என்று சொல்லிக் கேட்டதில்லை. பயந்தாலும் கவலைப்பட்டாலும் 'படபடப்பா இருக்கு' என்பார்கள். ஆகவே பெரிய எழுத்தில் எழுதினேன்: 'படபடப்பு வந்தால் பயப்பட வேண்டாம். கண்ணை மூடுங்கள். மெதுவாக மூச்சை இழுத்து விடுங்கள். பத்து வரை எண்ணுங்கள்.' தாதிகளின் அறையில் ஒட்டினேன். நல்ல தமிழ், எளிய தமிழ் என்று எனக்கே ஒரு பெருமை. தாய்மாரும் பயந்துதானே கிடக்கிறார்கள் என்று இன்னொரு பிரதி எழுதி, வாட்டுக்குள் கட்டில்களுக்கு எதிரே சுவரில் ஒட்டினேன்.

படபடப்பு என்றால் பயம் மட்டும் இல்லை என்பது எனக்குத் தெரியாதா? நெஞ்சு அடித்துக்கொண்டாலும் எங்கள் சனம் அதைத்தான் சொல்லும். ரத்தத்தில் சீனி இறங்கினாலும் அதைத்தான் சொல்லும். உடம்புக்குள்ளே ரத்தம் போய்க்கொண்டிருந்தாலும் அதைத்தான் சொல்லும். வகுப்பில் யாராவது கேட்டிருந்தால் விரல் விட்டு எண்ணிச் சொல்லியிருப்பேன். ஆனால் அந்தத் தாளை எழுதும்போது நான் தாதியாக யோசிக்கவில்லை, பிரசங்கியாகத்தான் யோசித்தேன்.

செல்வமலர் என்று ஒரு பெண். தலைப்பிரசவம். நமுனுகுலத் தோட்டமொன்றில் கொழுந்து எடுக்கிறவள், வயது இருபத்து நாலு. புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. காலையில் சிசேரியன் செய்து பெண் குழந்தை பிறந்தது. பதினோராம் கட்டிலுக்குக் கொண்டுவந்து போட்டார்கள். அந்தக் கட்டிலில் படுத்தால் நேரே தெரிவது என் அறிவித்தல்தான்.

மத்தியானம் இரண்டு மணி தாண்டியிருக்கும். நான் மேசையில் ரோஸ்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். தர்ஷினி வந்து நின்றாள். ஹல்துமுல்லைப் பிள்ளை, வேலைக்கு வந்து எட்டு மாசம். முந்தின ஷிஃப்டையும் அவளே செய்திருந்தாள், கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"சிஸ்டர், பதினோராம் கட்டில் அம்மாவ ஒருக்கா வந்து பார்க்குறீங்களா?"

"ஏன், ரத்தம் போகுதா?"

"இல்ல சிஸ்டர். துணி பார்த்தேன், அவ்வளவா இல்ல."

"பிரஷர்?"

"கொஞ்சம் இறங்கியிருக்கு, ரொம்ப இல்ல. நாடி கொஞ்சம் வேகமா இருக்கு."

"புண்ணு வலிச்சா நாடி ஏறத்தான் செய்யும். அப்புறம் என்ன?"

"தெரியல சிஸ்டர். என்னமோ பயமா இருக்கு."

எழுந்து போனேன். போகவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கட்டிலின் கால்மாட்டில் நின்று பார்த்தேன். செல்வமலர் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா செய்யுது?"

"படபடன்னு வந்துச்சுங்க மிஸ்ஸி. அதான் அதுல எழுதியிருக்க மாதிரி எண்ணிக்கிட்டு இருக்கேன்." கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "ஒன்னுமில்லீங்க."

எனக்கு அப்படியொரு சந்தோஷம். பார், படித்துவிட்டு அப்படியே செய்கிறாளே என்று உள்ளம் குளிர்ந்துபோனது. "நல்லா செய்யிறம்மா" என்றேன். அவள் சிரித்தாள். நான் அவள் கையைத் தொடவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் எந்தக் கட்டிலுக்குப் போனாலும் முதலில் கையைப் பிடித்துப் பழகியவள், அன்றைக்குக் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

அத்தோடு விட்டேனா? தர்ஷினியைப் பிடித்துக்கொண்டேன். "அந்தப் புள்ள நிம்மதியாப் படுத்திருக்கு. படபடப்பு அதுக்கு இல்ல, உனக்குத்தான். உள்ள போய் உட்கார்ந்து பத்து மூச்சு எடுத்துட்டு வா" என்றேன். கடிந்து சொல்லவில்லை. மிக அன்பாகத்தான் சொன்னேன். அதை நினைத்தால்தான் இப்போதும் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. கத்தியிருந்தால் அவள் எதிர்த்துப் பேசியிருப்பாள்.

அவள் போய் உட்கார்ந்தாள். உள்ளே என்ன நடந்தது என்பதைப் பின்னால் என்னிடம் சொன்னாள். நான் சொல்லிக்கொடுத்தபடியே பாதம் இரண்டையும் தரையில் பதித்து, கையை மடியில் மலர்த்தி வைத்திருக்கிறாள். முதல் மூச்சில் ஒன்றும் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. நாலாவதிலோ ஐந்தாவதிலோ தன் வலது உள்ளங்கை அவளுக்கு ஞாபகம் வந்திருக்கிறது. பிரஷர் பார்க்கும்போது செல்வமலரின் மணிக்கட்டைப் பிடித்த கை. அந்தக் கையில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்த மாதிரி இருந்திருக்கிறது. இத்தனை நேரம் எதைக் கண்டு பயந்தாள் என்பது அப்போதுதான் அவளுக்கே விளங்கியிருக்கிறது. மிச்ச மூச்சை எண்ணாமல் ஓடிவந்தாள்.

"சிஸ்டர், அவங்க கை சில்லுன்னு இருந்துச்சு."

"இந்தக் குளிர்ல யார் கைதான் சூடா இருக்கு?"

"சில்லுன்னு இருந்துச்சு, ஆனா ஈரமாவும் இருந்துச்சு சிஸ்டர். குளிர்ல கை வேர்க்குமா?"

வேர்க்காது. அப்புத்தளை மூடுபனியில் வளர்ந்த குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். பேனா எங்கே விழுந்தது என்று தெரியாது. கட்டிலுக்குப் போய்க் கையைப் பிடித்தேன். தண்ணீரில் கிடந்த துணியைத் தொட்ட மாதிரி இருந்தது. அவள் உதடு இப்போது அசையவில்லை. "செல்வமலர், செல்வமலர்" என்று கன்னத்தைத் தட்டினேன். கண்ணைத் திறந்து, "தண்ணி குடுங்க மிஸ்ஸி" என்று முனகினாள். போர்வையை விலக்கி வயிற்றைத் தொட்டேன். கல்லாக இறுகிப் புடைத்திருந்தது. ரத்தம் வெளியே வரவில்லை, உள்ளேயே நிறைந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு செய்ததெல்லாம் உங்களுக்கு வகுப்பில் சொல்லித்தந்ததுதான். டாக்டர் ஓடிவந்தார், ரத்தம் கேட்டு ஆள் ஓடியது, திரும்பவும் ஆப்பரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். கதவு சாத்தியதும் எனக்குச் செய்ய வேலை இல்லாமல் போய்விட்டது. அதுதான் பெரிய கொடுமை.

குழந்தை அழுதது. தூக்கிக்கொண்டேன். பிறந்து அரை நாள்கூட ஆகாத பிள்ளை, என் சட்டையில் வாயை வைத்துத் தேடியது. அந்தப் பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்வேன்? தாயில்லாத பிள்ளையாக்கிவிட்டேனோ, தாயில்லாத பிள்ளையாக்கிவிட்டேனோ என்று அதே நினைப்புத் திரும்பத் திரும்ப வந்தது. பத்து மூச்சு எடுத்துப் பார்த்தேன். ஒன்றுகூட உள்ளே இறங்கவில்லை. கண்ணை மூடினால் அவள் சிரித்த முகம்தான் தெரிந்தது.

அப்போது அவள் தலையணைக்குக் கீழே போன் அதிரத் தொடங்கியது. புருஷன். நின்றது, மறுபடி அதிர்ந்தது. போனில் நோயாளியின் நிலைமையைச் சொல்லக்கூடாது என்பது ஒழுங்கு. டாக்டர்தான் சொல்ல வேண்டும், அதுவும் நேரில். ஆனால் கொழும்பிலிருந்து எங்கள் மலைக்கு வந்து சேர ஒரு பொழுது ஆகும். இப்போது சொல்லாவிட்டால் அவன் வரும்போது எதைப் பார்க்க வருவான்? நாலாவது தடவை அடித்தபோது எடுத்தேன்.

"தம்பி, நான் வாட்டு சிஸ்டர் பேசுறேன். செல்வமலர மறுபடி தியேட்டருக்குக் கொண்டு போயிருக்கு. ரத்தப்போக்கு. டாக்டர்மார் பார்த்துக்கிட்டு இருக்காங்க. நீங்க கிளம்பி வாங்க."

"மிஸ்ஸி, வேற யாருமா இருக்கும். இப்பத்தானே எங்கிட்ட பேசுச்சு. படபடன்னு இருக்கு, ஆனா இங்க அதுக்கு எக்ஸசைஸ் எழுதிப் போட்டிருக்காங்க, செஞ்சா சரியாயிரும்னு சொன்னுச்சே" என்றான்.

"அதுதான் தம்பி. உங்க சம்சாரம்தான். கிளம்புங்க" என்று மட்டும் சொன்னேன். போனை வைத்துவிட்டு, குழந்தையை அட்டெண்டன் அம்மாவிடம் கொடுத்து, சுவரிலிருந்த தாளைக் கிழித்தேன். பசை அதிகமாகப் போட்டு ஒட்டியிருந்தேன். நகத்தால் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் பெரிய டாக்டர் வெளியே வந்தார். தையல் போட்ட இடத்துக்குப் பக்கத்திலிருந்து ரத்தம் கசிந்திருக்கிறது, அந்த இடத்தைக் கட்டி நிறுத்திவிட்டோம், கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வரவில்லை என்றார். உயிருக்குப் பயமில்லை என்றார். அப்புறம், "யார் முதலில் கண்டது?" என்று கேட்டார். தர்ஷினியைக் காட்டினேன். "நல்ல வேளை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால்" என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு முடிக்காமலே போனார். தர்ஷினி முதல்தடவை சொன்னபோதே நான் கையைத் தொட்டிருந்தால் அந்தத் தாமதம்கூட இருந்திருக்காது. இதையும் அறிக்கையில் எழுதினேன். சுவரில் ஒட்டிய தாளைப் பற்றியும் எழுதினேன். எழுதத் தேவையில்லை என்று நல்லெண்ணத்தில் சொன்னவர்கள் உண்டு. எழுதாவிட்டால் வேறொரு வாட்டில் வேறொரு சிஸ்டர் அதையே ஒட்டுவாள் என்று எனக்குத் தோன்றியது.

தர்ஷினியிடம் மன்னிப்புக் கேட்டேன். கேட்டுவிட்டு, "என்னை மீறிப் போய் நீயே டாக்டரக் கூப்பிட்டிருக்கலாமே, ஏன் கூப்பிடல?" என்றேன். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "நீங்க முன்னாடி மாதிரி கத்தியிருந்தா கூப்பிட்டிருப்பேன் சிஸ்டர். நீங்க அவ்வளவு நிதானமா இருந்தீங்க. சிஸ்டரே நிதானமா இருக்காங்கன்னா ஒன்னும் இருக்காதுன்னு தோணிருச்சு."

இதைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். மூச்சுப் பயிற்சியை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. நான் கடைசி நாள்வரை செய்தேன், இன்றைக்குக் காலையிலும் செய்தேன். தர்ஷினியும் அந்த ஐந்து மூச்சு எடுத்ததால்தானே கை ஈரமாக இருந்ததை நினைத்துப் பார்த்தாள்! எதைக் கண்டு பயந்தோம் என்று பார்க்கத்தான் அந்த மூச்சு அவளுக்கு உதவியது. அந்தப் பயம் போய்த் தொலையட்டும் என்பதற்காக நான் எடுக்கச் சொன்னேன். இரண்டுக்கும் நடுவில் ஓர் உயிர் ஊசலாடியது. ஆகவே கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும்போது கண்ணை மூடாதீர்கள். கண்ணைத் திறந்தபடி, நோயாளியின் கையைப் பிடித்தபடி ஒரு மூச்சு எடுங்கள், போதும். தளர்வதெல்லாம் தாதிகளின் அறையில். உங்களில் யாருக்காவது காரணம் சொல்லத் தெரியாமல் பயம் வந்தால், சிஸ்டர் எவ்வளவு அமைதியாக இருந்தாலும் சட்டை செய்யாதீர்கள். திரும்பவும் போய்ச் சொல்லுங்கள். மூன்றாவது தடவையும் சொல்லுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள்.

செல்வமலரைப் பார்க்க எனக்குத் துணிவு வர நாலு நாள் ஆனது. தினமும் வாட்டைச் சுற்றினேன், ஆனால் பதினோராம் கட்டில் வந்தால் நோய் விவரம் எழுதிய டிக்கட்டைப் படிப்பது போல முகத்தை மறைத்துக்கொண்டேன். நாலாம் நாள் காலை, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று வார்த்தைகளையெல்லாம் கோத்துக்கொண்டு போனேன். அவள் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஊறியிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள்.

"மிஸ்ஸி, ஒன்னு கேக்கணும். கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளும்மா."

"அன்னைக்கு எண்ணுறப்ப எனக்கு இடையில தப்பிருச்சுங்க. ஏழு வரைக்கும் எண்ணுவேன், அதுக்கப்புறம் மறந்து மறந்து போச்சு. மறுபடி ஒன்னுல இருந்து ஆரம்பிப்பேன். பத்து வரைக்கும் ஒருக்காக்கூட எண்ணல. அதனாலதானுங்களா அப்படி ஆயிருச்சு?"

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். சிஸ்டர் கட்டிலில் உட்காரக்கூடாது என்பது ஒழுங்கு. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சூடாக இருந்தது. "இல்லம்மா" என்றேன். "உன் உடம்புல ரத்தம் இல்லாமத்தான் உனக்கு எண்ண முடியல. உன் மேல ஒரு தப்பும் இல்ல. அதை எழுதி ஒட்டுன நான்தான் தப்பு. படபடன்னு வந்தா கூப்பிடச் சொல்லியிருக்கணும். என்னை மன்னிச்சிரும்மா."

அவள் பதறிப்போனாள். எங்கே நான் அழுதுவிடுவேனோ என்று பயந்தவள் மாதிரி என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, அப்படியெல்லாம் சொல்லாதீங்க மிஸ்ஸி. நீங்க சரியாத்தான் எழுதியிருந்தீங்க. நான்தான் சரியா எண்ணல."